சாலை, ரயில், நீர்வழி இணைத்த சரக்குப் போக்குவரத்துக்கு அரசு மானியம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளம்பும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஒரே லாரியில் செல்லும் சரக்கை ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்கினால் போதும். அதே சரக்கை நடுவழியில் ரயிலுக்கோ படகுக்கோ மாற்றி அனுப்பினால், இரண்டு முனையங்களில் கன்டெய்னரைத் தூக்கி வைப்பதற்குக் கட்டணம் உண்டு. ரயில் புறப்படும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். இரு முனைகளிலும் குறுந்தொலைவு லாரிகளை ஏற்பாடு செய்ய வேண்டும். காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரவும் வழி பார்க்க வேண்டும். நீண்ட நடுப்பகுதியில் மிச்சமாகும் பணம் இந்தச் செலவுகளுக்கு ஈடாகாத தடங்களில்தான் அரசு மானியம் நுழைகிறது.

அரசு ஏன் தர வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். லாரி சாலையைத் தேய்க்கிறது, புகை விடுகிறது, நெரிசலையும் விபத்தையும் கூட்டுகிறது. இவற்றின் செலவு முழுவதும் லாரி வாடகையில் சேர்வதில்லை, பொதுமக்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே ஒரு லாரிப் பயணம் நடக்காமல் போனால் பொதுமக்களுக்கு ஓர் ஆதாயம் உண்டு, அந்த ஆதாயத்தின் ஒரு பகுதியை அதை நடக்காமல் செய்தவருக்குக் கொடுப்பது நியாயம் என்பதே இந்த மானியங்களுக்குப் பின்னால் உள்ள வாதம். ரயிலில் சரக்கு சென்றதற்காக அரசு பணம் தருவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சாலையில் ஓடாத கிலோமீட்டருக்குத்தான் அது பணம் தருகிறது. ஓடாத ஒன்றைக் கணக்கிட்டு, ஆதாரத்தோடு காட்டுவதுதான் விண்ணப்பதாரரின் வேலை; கீழே வரும் படிகள் எல்லாம் அந்த வேலையின் பகுதிகளே.

முதல் படி: உங்கள் பயணம் வரையறைக்குள் வருகிறதா?

சாலையும் ரயிலும் கலந்த எல்லாப் பயணமும் மானியத்துக்குரிய இணைப்புப் போக்குவரத்து ஆகிவிடாது. லாரியில் வந்த மூட்டைகளை அவிழ்த்துச் சரக்கு வேகனில் அடுக்கினால், பல திட்டங்களின் பார்வையில் அது வெறும் சரக்கு மாற்றம். கன்டெய்னர், கழற்றி மாட்டும் லாரிப் பெட்டி, அரை டிரெய்லர் போன்ற ஏற்று அலகு ஒன்றே திறக்கப்படாமல் ஓர் ஊர்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு இணைப்புப் போக்குவரத்து நெறிமுறை இதை எண்களோடு சொல்கிறது. பெட்டி குறைந்தது 20 அடி நீளம் இருக்க வேண்டும். ரயில் அல்லது நீர்வழிப் பகுதி நேர்கோட்டில் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். சாலைப் பகுதி பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் இருக்க வேண்டும். ரயிலாக இருந்தால் பொருத்தமான மிக அருகிலுள்ள ஏற்று நிலையம் வரை, துறைமுகமாக இருந்தால் நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் என்று அதற்கு எல்லையும் உண்டு. ஒவ்வொரு நாட்டுத் திட்டமும் இதைப் போன்ற ஒரு வரையறையுடன்தான் தொடங்கும். இந்தியாவில் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜல்வாஹக் திட்டம் கங்கை, பிரம்மபுத்திரா, பராக் ஆகிய நதிகளின் தேசிய நீர்வழிகளில் 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சரக்குக்கு மட்டுமே பொருந்துகிறது.

இங்கே புதியவர்கள் இடறும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று ‘நேர்கோட்டில்’ என்பது. வரைபடச் செயலி காட்டும் சாலைத் தொலைவு 170 கிலோமீட்டராக இருந்தும் நேர்கோட்டுத் தொலைவு 140 ஆக இருக்கலாம். அப்போது நீங்கள் 150 கிலோமீட்டர் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். இன்னொன்று ‘பொருத்தமான’ என்பது. அருகிலுள்ள முனையத்தில் உங்கள் டிரெய்லரைத் தூக்கும் கிரேன் இல்லையென்றால் அது பொருத்தமான முனையம் அன்று என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை விண்ணப்பத்திலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். தணிக்கையின்போது முதல் முறையாகச் சொன்னால் அது சாக்காகத்தான் ஒலிக்கும்.

இரண்டாம் படி: இடைவெளியைக் கணக்கிடுதல்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கும். ரயில் கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரு முனைகளிலும் ஆகும் கூலி அதைத் தின்றுவிடக் கூடும். எனவே மானியம் எவ்வளவு கிடைக்கும் என்று தேடுவதற்கு முன்னால், எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றுபவர்கள் கிடைக்கும் தொகைக்கேற்பச் சேவையை வளைத்துவிட்டு, பிறகு அதை நிமிர்த்த முடியாமல் திண்டாடுகிறார்கள்.

கற்பனையான ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். நேரடிச் சாலைத் தொலைவு 700 கிலோமீட்டர். லாரியில் ஒரு கன்டெய்னர் அனுப்ப ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வழியாக அனுப்பினால் முனையத்துக்குக் கொண்டுசெல்லும் 60 கிலோமீட்டர் லாரிப் பயணத்துக்கு 15, அங்கே ஏற்றுவதற்கு 7, ரயிலில் 650 கிலோமீட்டருக்கு 58, இறக்குவதற்கு 7, கடைசி 40 கிலோமீட்டருக்கு 13, காலிப் பெட்டியை நிலைக்குக் கொண்டுவர 8 என்று வந்தால், மொத்தம் 108. இடைவெளி 8. ரயில் முழுதாக நிரம்பும் என்று எண்ணிப் போட்ட கணக்கு இது. 40 பெட்டிகள் ஏற்றும் ரயிலில் 30 பெட்டிகளே வந்தால், ரயிலின் செலவு பெரிதாகக் குறையாததால் ஒரு பெட்டியின் பங்கு 58-இலிருந்து ஏறத்தாழ 77-ஆக ஏறிவிடும். இடைவெளி 27 ஆகிவிடும். சேவை தொடங்கிய முதல் மாதங்களில் ரயில் நிரம்பாது என்பது நிச்சயம் என்பதால், இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

ஐரோப்பிய ஆணையம் 2011ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைச் சரக்கில் 30 விழுக்காட்டை 2030க்குள் மற்ற வழிகளுக்கு மாற்றுவதாக இலக்கு வைத்தது. 300 என்ற எண் வெறுமனே தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று. அதற்குக் கீழே முனையச் செலவை நீண்ட நடுப்பகுதியின் சேமிப்பு ஈடுகட்டுவது பொதுவாகக் கடினம். துறைமுகத்திலிருந்தே சரக்கு ரயிலேறும் தடங்களில், ஒரு முனையின் லாரிச் செலவு அடியோடு இல்லாமல் போவதால், குறைந்த தொலைவும் சாத்தியமாகும். உங்கள் தடம் அத்தகையதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை மானியம்?

இடைவெளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நாட வேண்டிய மானியமும் மாறும்.

முனையமே இல்லை, அல்லது தொழிற்சாலைக்குத் தனி ரயில் பாதை இல்லை என்றால் தேவைப்படுவது முதலீட்டு மானியம். ஜெர்மனியில் தனியார் நிறுவனங்கள் இணைப்பு முனையம் கட்டுவதற்குத் தகுதியான செலவில் 80 விழுக்காடு வரை அரசு ஏற்கும் திட்டம் உண்டு. பெரிய தொகைதான், ஆனால் முனையத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பாகுபாடின்றித் திறந்து வைக்க வேண்டும், போட்டி நிறுவனத்தின் பெட்டியையும் அதே கட்டணத்தில் தூக்கி வைக்க வேண்டும். இந்த நிபந்தனையை நிறுவனத்தின் மேலிடம் முழுதாக உணர்ந்த பின்னரே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். அதே நாட்டில் தொழிற்சாலைகளுக்கான தனி ரயில் பாதைக்கும் 2004 முதல் உதவி கிடைக்கிறது. அதில் இத்தனை டன் சரக்கை ரயிலில் அனுப்புவேன் என்று உறுதி தர வேண்டும், குறைந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

முனையம் இருக்கிறது, சேவையைத் தொடங்கிய முதல் ஆண்டுகளின் நட்டம்தான் சிக்கல் என்றால் தொடக்கக் கால மானியம் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு கடல்வழி உதவி நெறிகள், குறுந்தொலைவுக் கப்பல் சேவைக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு இயக்கச் செலவில் 30 விழுக்காடு வரை தர உறுப்பு நாடுகளை அனுமதித்தன. ஜல்வாஹக் திட்டம் இயக்கச் செலவில் 35 விழுக்காடு வரை திருப்பித் தருகிறது, அதுவும் முதற்கட்டமாக மூன்று ஆண்டுகளுக்குத்தான்.

மூன்றாவது வகை, அளவுக்கேற்ற மானியம். இத்தாலியின் ஃபெர்ரோபோனஸ் ரயில் ஓடிய கிலோமீட்டரை அடிப்படையாகக் கொண்டது. அதை உருவாக்கிய சட்டம் ஒரு ரயில்-கிலோமீட்டருக்கு 2.50 யூரோவை உச்சமாக வைத்தது. சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் இணைப்புப் போக்குவரத்தில் ஒரு ரயிலுக்கு இவ்வளவு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் இயக்குநர்களுடன் ஒப்பந்தம் போட்டுத் தந்துவருகிறது. இத்தகைய திட்டங்களில் கணக்கு எளிது. சேவையைத் தொடங்குவதற்குக் கையில் முதல் இல்லாதவருக்கு மட்டும் இவை அவ்வளவாக உதவா; ரயில் ஓடிய பிறகுதான் பணம் வரும்.

கண்ணில் படாத நான்காவது வகையும் உண்டு; புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ரயில் பாதையைப் பயன்படுத்தும் கட்டணத்தை அரசே ஓரளவு ஏற்கும் முறை ஜெர்மனியில் 2018 முதல் உண்டு. ஐரோப்பாவில் ஐந்து அச்சுகள் கொண்ட லாரிக்குப் பொதுவான உச்ச எடை 40 டன். இணைப்புப் போக்குவரத்தின் பகுதியாக 40 அடி கன்டெய்னர் ஏற்றிச் சென்றால் 44 டன் வரை அனுமதி. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை லாரித் தடை, ஏற்று நிலையம் வரை 200 கிலோமீட்டருக்குள் செல்லும் இணைப்பு லாரிகளுக்குப் பொருந்தாது. இவற்றுக்கு விண்ணப்பமோ குழுவோ தணிக்கையோ பெரும்பாலும் வேண்டாம், லாரியில் சரியான ஆவணம் இருந்தால் போதும். நான்கு டன் கூடுதல் சரக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும் சில தடங்களில் இடைவெளியைத் தாமாகவே மூடிவிடும். பணமாக வரும் மானியத்தைத் தேடும் முன், இந்தச் சலுகைகளைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

அளவுக்கேற்ற மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது பயன்தரும், ஏனென்றால் விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதும் குறைவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் 2013 வரை நடத்திய மார்க்கோ போலோ திட்டம் இதற்கு நல்ல பாடம். அதன் பிற்காலத்தில், சாலையிலிருந்து விலகிய ஒவ்வொரு 500 டன்-கிலோமீட்டருக்கும் 2 யூரோ என்ற விகிதம் இருந்தது (ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் சென்றால் அது ஒரு டன்-கிலோமீட்டர்). மேலே சொன்ன தடத்தையே எடுத்துக்கொண்டால், பெட்டியில் 20 டன் சரக்கு இருக்கிறது, நேரடிச் சாலைத் தொலைவு 700, அதில் இரு முனைகளிலும் லாரி ஓடும் 100 கிலோமீட்டரைக் கழிக்க வேண்டும், விலகியது 600. ஒரு பெட்டிக்கு 12,000 டன்-கிலோமீட்டர், அதாவது 48 யூரோ. 40 பெட்டிகள் ஏற்றிய ரயிலுக்கு 1,920 யூரோ. ரயில் ஓடிய 650 கிலோமீட்டரை அப்படியே எழுதுவது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. ரயில் பாதை வளைந்து செல்வதால் அது பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும்; ஆனால் சாலையில் மிச்சமானது 600 மட்டுமே.

கிடைக்கும் தொகை அதோடு முடிவாகிவிடாது. அந்தத் திட்டத்தின் சாலை விலக்கச் சேவைகளுக்கு மூன்று கூரைகள் இருந்தன: டன்-கிலோமீட்டர் கணக்கில் வரும் தொகை, தகுதியான செலவில் 35 விழுக்காடு, மானியக் காலத்தில் சேவை காட்டிய மொத்த நட்டம். இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் கிடைக்கும். ஆக, எதிர்பார்த்ததைவிடச் சேவை நன்றாக நடந்து நட்டம் குறைந்தால் மானியமும் குறையும். சரக்கு வராமல் டன்-கிலோமீட்டர் குறைந்தாலும் மானியம் குறையும். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் இத்தகைய கூரைகள் எத்தனை என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் நல்ல ஆண்டு, மோசமான ஆண்டு என இரண்டு கணக்குகள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசுங்குடில் வாயு வெளியேற்றம் எவ்வளவு குறைந்தது என்று கேட்கும் திட்டங்களும் உண்டு. அதற்கு 2023இல் வெளியான ஐஎஸ்ஓ 14083 தரநிலை முழுப் போக்குவரத்துச் சங்கிலிக்கும், முனையத்தில் ஆகும் எரிசக்தி உட்பட, கணக்கிடும் முறையைத் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கணிப்பானில் வந்த எண்ணை ஒட்டுவதைவிட, எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று சொல்லக்கூடிய எண்ணையே தருவது நல்லது.

நான்காம் படி: விண்ணப்பிக்க வேண்டியவர் யார்?

சரக்கின் சொந்தக்காரர், லாரி நிறுவனம், ரயில் இயக்குநர், படகு உரிமையாளர், முனையம், இவர்களையெல்லாம் இணைக்கும் போக்குவரத்து முகவர் என்று ஒரு சங்கிலியில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ரயில் காலியாகப் போனால் யார் பணம் இழக்கிறாரோ அவர்தான் பொதுவாக விண்ணப்பிக்கத் தகுந்தவர். ஆனால் திட்டமே பெறுநரைக் குறிப்பிட்டிருக்கலாம். இத்தாலியில் லாரிகளைக் கப்பலேற்றும் மரேபோனஸ் முதலில் கப்பல் நிறுவனங்களுக்குத்தான் தரப்பட்டது. அவர்கள் அதன் ஒரு பகுதியைக் கட்டணக் குறைப்பாக லாரிக்காரர்களுக்குக் கடத்த வேண்டும் என்பது நிபந்தனை. பின்னால் வந்த திட்டம் உதவியை லாரிக்காரர்களுக்கே நேரடியாகத் தரும்படி மாறியது.

நீங்கள் பெறுநராக இல்லாத திட்டத்திலும் உங்கள் பங்கு இருக்கலாம் என்பதையே இது காட்டுகிறது. சரக்கு அனுப்புபவராக இருந்தால், ரயில் இயக்குநரிடம் அவர் மானியம் பெறுகிறாரா, அதில் எவ்வளவு எங்கள் கட்டணத்தில் தெரிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: விண்ணப்பத்துக்கு முன் செய்யக் கூடாதவை

கிரேனுக்கு ஆணை கொடுத்துவிட்டு, அடித்தளத்துக்கு மண் தோண்டிவிட்டு, ரயில் இயக்குநருடன் திரும்பப் பெற முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு விண்ணப்பித்தால், பெரும்பாலான திட்டங்களில் அந்த விண்ணப்பம் அப்போதே செத்துவிடும். மானியம் இல்லாமலே இதைச் செய்யத்தான் போகிறீர்கள், பிறகு பொதுப்பணம் எதற்கு என்று கேட்பார்கள். ஆணை, ஒப்பந்தம், முன்பணம் இவை எல்லாவற்றின் தேதியும் விண்ணப்பம் பதிவான தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும்; சில திட்டங்களில் ஒப்புதல் தேதிக்கும் பின்னால் இருக்க வேண்டும். சாத்தியக்கூறு ஆய்வு, நில அளவை, அனுமதி விண்ணப்பம் போன்ற ஆயத்த வேலைகளைப் பொதுவாகப் பணித்தொடக்கமாகக் கருதுவதில்லை.

ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் மானியம் வாங்குவது அடுத்த பொறி. மாநிலமோ நகராட்சியோ தந்த சிறு உதவியும் கூட்டுக்கணக்கில் சேரும். ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் 3,00,000 யூரோ வரையிலான சிறு உதவிகளுக்கு 2024 முதல் ஐரோப்பிய ஆணையத்துக்கு அரசின் முன்னறிவிப்புத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட உதவிகள் ஆணையத்தின் ஒப்புதலையோ ஒரு விலக்கு விதியையோ சார்ந்திருக்கும். ஒப்புதல் பெறாமல் ஓர் அரசு பணத்தைத் தந்துவிட்டால், வாங்கியவர்தான் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். அதிகாரி கையெழுத்திட்டார், நான் வாங்கினேன் என்ற வாதம் அங்கே செல்லாது. ஆகவே இத்திட்டம் எந்தச் சட்ட விதியின் கீழ், எந்த ஒப்புதலோடு நடக்கிறது என்று அலுவலகத்திடம் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; நல்ல அலுவலகத்தில் பதில் உடனே கிடைக்கும்.

ஆறாம் படி: விண்ணப்பத்தை எழுதுதல்

மதிப்பீட்டுக் குழு முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: இந்தச் சரக்கு இன்று உண்மையிலேயே சாலையில் போகிறதா? அதை நம்பவைக்கக் கடந்த 12 மாத லாரிப் பயணங்களின் பட்டியல் போல வேறு எதுவும் உதவாது. தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், டன், கன்டெய்னர் எண்ணிக்கை என்று ஒரு வரிக்கு ஒரு பயணமாக எழுதினால் போதும். இந்தப் பட்டியல் இருந்தால் திட்ட விவரணை சுமாராக இருந்தாலும் விண்ணப்பம் நிற்கும். பட்டியல் இல்லாமல் பசுமை, எதிர்காலம் என்று பத்துப் பக்கம் எழுதியவை நிற்பதில்லை.

அடுத்து, சரக்கு அனுப்புபவர்களின் கடிதங்கள். ஆர்வமாக இருக்கிறோம் என்ற கடிதத்துக்கும், சேவை வாரத்துக்கு மூன்று முறை ஓடினால் வாரம் 15 கன்டெய்னர் தருவோம் என்ற கடிதத்துக்கும் மதிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது வகையை வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அதற்கான காலத்தை ஒதுக்கிக்கொண்டுதான் விண்ணப்பத் தேதியைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏற்கெனவே மானியமின்றி ஓடும் ரயிலிலிருந்தோ படகிலிருந்தோ உங்கள் சேவை சரக்கைப் பறிக்காது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். ரயிலுக்கும் உள்நாட்டுப் படகுக்கும் இடையே சரக்கு தாவினால் சாலையில் ஒரு லாரியும் குறைவதில்லை. ஆற்றோரத் தடங்களில் எதிர்ப்பு மனு வருவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். பக்கத்தில் ஓடும் சேவைகளின் பெயர், கால அட்டவணை, உங்கள் சேவை எங்கே வேறுபடுகிறது என்ற விளக்கம் ஆகியவற்றை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுவது நல்லது.

முதல் விண்ணப்பத்தில் ஐந்து தடங்களைச் சேர்க்கும் ஆசை வரும். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். கடிதமும் பட்டியலும் கைவசம் உள்ள ஒரே தடத்துக்கு விண்ணப்பிப்பவர் முதல் முறையிலேயே வெல்லும் வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: ஆதாரமும் பணவரவும்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முழுச் சங்கிலி தெரிய வேண்டும்: முதல் லாரியின் சரக்குச் சீட்டு, முனையத்தின் நுழைவுப் பதிவு, ரயில் அல்லது கப்பல் சரக்குச் சீட்டு, இறக்கிய முனையத்தின் வெளியேற்றப் பதிவு, கடைசி லாரியின் சீட்டு. இவற்றையெல்லாம் கோக்கும் நூல் கன்டெய்னர் எண். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். எண்ணைத் தவறாகத் தட்டினால் கண்டுபிடிப்பதற்காகவே அது இருக்கிறது. உங்கள் கணினிப் பதிவில் அந்தச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால், தணிக்கையாளர் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளில் பெரும்பங்கை நீங்களே முதலில் பிடித்துவிடலாம். எடைக்கு, கடல்வழிக் கன்டெய்னர்களில் 2016 ஜூலை முதல் கட்டாயமான சரிபார்த்த மொத்த எடைச் சான்றே வலுவான ஆவணம்.

பணம் எப்போது வரும் என்பதை விண்ணப்ப உற்சாகத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான திட்டங்கள் செலவு செய்த பிறகே திருப்பித் தருகின்றன. ஓராண்டு ரயில் ஓட்டி, அடுத்த ஆண்டு அறிக்கை தந்து, சரிபார்ப்பு முடிந்து கையில் தொகை வருவதற்குள் நிறுவனம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் மூழ்கியிருக்கலாம். முன்பணம் உண்டா, அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்களா, உத்தரவாதக் கட்டணம் தகுதியான செலவா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, அந்த வட்டியையும் இரண்டாம் படியில் போட்ட இடைவெளிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: பாதை அடைபட்டால்

2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ரஸ்டாட் நகரில் சுரங்கப்பாதைப் பணியின்போது மேலே இருந்த தண்டவாளம் அமிழ்ந்தது. ஐரோப்பாவின் மிக முக்கியமான சரக்கு ரயில் தடங்களுள் ஒன்றான ரைன் பள்ளத்தாக்குப் பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. மறு ஆண்டு 2018 அக்டோபரில் ரைன் ஆற்றில் காவுப் என்ற ஊரிலுள்ள நீர்மட்ட அளவுமானி 25 சென்டிமீட்டர் வரை இறங்கி, படகுகள் தம் கொள்ளளவில் ஒரு சிறு பங்கையே ஏற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. அளவுமானியின் எண் ஆற்றின் ஆழம் அன்று என்றாலும், படகுக்காரர்கள் அதை வைத்துத்தான் எவ்வளவு ஏற்றலாம் என்று தீர்மானிக்கிறார்கள். இந்த மாதங்களில் சரக்கு மறுபடி லாரிக்குத்தான் போனது.

இத்தனை டன் அனுப்புவேன் என்று உறுதி தந்தவருக்கு இது நேரடிச் சிக்கல். ஒப்பந்தத்தில் பாதை மூடல், நீர்மட்டக் குறைவு, துறைமுக வேலைநிறுத்தம் இவை உங்கள் கைமீறிய நிகழ்வுகளாகத் தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நீர்மட்டத்துக்கு எந்த அளவுமானியில் எந்த எண்ணுக்குக் கீழே என்று குறித்துவிட்டால் பின்னால் தகராறு இருக்காது. காலக்கெடு நீட்டிப்பா, இலக்குக் குறைப்பா, இரண்டுமா என்பதும் முன்னதாகவே முடிவாகியிருக்க வேண்டும். நிகழ்வு நடந்த வாரத்திலேயே அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆண்டறிக்கையில் சேர்த்துச் சொன்னால் போதும் என்று விட்டவர்களுக்குப் பல நேரம் நீட்டிப்பு கிடைப்பதில்லை.

ஒன்பதாம் படி: மானியம் நின்ற பிறகு

ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2013இல் மார்க்கோ போலோ திட்டங்களை ஆராய்ந்து, அவை தமது இலக்கை எட்டவில்லை என்றும், மானியம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய சேவைகளுக்குப் பணம் போனதற்கு வலுவான அறிகுறிகள் உண்டு என்றும் சொன்னது. இதே வடிவில் இனி பணம் தர வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. அதன் விளைவு இன்றைய விண்ணப்பப் படிவங்களில் தெரிகிறது. மானியம் ஏன் தேவை என்ற கேள்வியோடு, மானியம் நின்ற பிறகு எப்படி ஓடும் என்ற கேள்வியும் இப்போது பரவலாகக் கேட்கப்படுகிறது. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு விடைகளையும் ஒரே ஆள் எழுதுவது நல்லது.

மறுபக்கம் சுவிட்சர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 1994ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் ஆல்ப்ஸ் பாதுகாப்பு அரசியலமைப்பில் ஏறியது. 2001 முதல் கனரக லாரிகளுக்குத் தொலைவு வரி. 2016இல் கோட்டார்டு அடித்தளச் சுரங்கம். இவற்றோடுதான் இயக்க மானியமும் சேர்ந்து வேலை செய்தது. ஆண்டுக்கு 2000இல் 14 லட்சமாக இருந்த ஆல்ப்ஸ் கடக்கும் லாரிகள் அண்மை ஆண்டுகளில் 9 லட்சத்தின் அளவுக்கு வந்திருக்கின்றன. சட்டம் வைத்த இலக்கான 6.5 லட்சத்தை இன்னும் எட்டவில்லை. லாரியை ஓட்டுநரோடு முழுதாக ரயிலேற்றிய ஃப்ரைபுர்க் (ஜெர்மனி) – நோவாரா (இத்தாலி) ‘உருளும் நெடுஞ்சாலை’ ரயில் சேவையோ, 2028 வரை அரசு ஆதரவு உறுதியாகியிருந்தும், பாதையில் நடந்த கட்டுமானங்களால் பயணங்கள் ரத்தாகி வருவாய் சரிந்து 2025 இறுதியில் நின்றது. லாரியின் எஞ்சின், அச்சு, சக்கரம் எல்லாவற்றின் எடையையும் சுமந்த அந்த முறைக்கு, பெட்டியை மட்டும் சுமக்கும் முறையைவிட மிகக் கூடுதலான மானியம் தேவைப்பட்டது. சாலையில் வரி, ரயிலில் நல்ல பாதை என்ற இரண்டும் இல்லாத இடத்தில் மானியம் மட்டும் ஒரு சேவையை நீண்ட நாள் தாங்கும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே மானியக் காலத்தின் நடுவிலேயே, அது இல்லாத கட்டண அட்டவணை ஒன்றைத் தயாரித்துச் சரக்கு அனுப்புபவர்களிடம் காட்டிவிட வேண்டும். எத்தனை பெட்டி வந்தால் அந்தக் கட்டணம் தாங்கும், அதற்கு எத்தனை பெட்டி குறைகிறது என்று மாதந்தோறும் ஒரே ஒரு எண்ணைக் கண்காணியுங்கள். கடைசி ஆறு மாதத்துக்கு முன் அந்தக் குறைவு மூடவில்லையென்றால், முனையத்துக்கும் ரயில் இயக்குநருக்கும் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து, ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதா சேவையை மூடுவதா என்று அப்போதே தீர்மானித்துவிடுங்கள். கடைசித் தவணை வந்துவிட்டது என்று கோப்புகளைக் களைந்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் முறைகேடாகத் தரப்பட்ட உதவியைத் திரும்பக் கேட்க ஆணையத்துக்கு 10 ஆண்டுக் கால அவகாசம் உண்டு. மற்ற திட்டங்களின் ஒப்பந்தங்களிலும் ஆவணக் காப்புக் காலம் எங்கோ ஒரு பின்னிணைப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியைக் கோப்பின் முதுகிலேயே எழுதி வையுங்கள்.